பாரந்தூக்கி ஓட்டுவோர் சம்பளமும் ஊர்ச் செலவும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாரந்தூக்கி யந்திரம், அஃதாவது கிரேன், ஓட்டுகிறவனுடைய சம்பளமும், அச்சம்பளம் அவன் குடியிருக்கும் ஊரில் எம்மட்டும் செல்லும் என்பதுமாம். நம் சமூகத்துப் பிள்ளைகள் முன்போல வயலையும் கடைக் கணக்கையும் மாத்திரம் நம்பியிருக்கவில்லை. ஐ.டி.ஐ. படித்துத் தேர்ந்து துறைமுகங்களுக்கும், தொழிற்சாலைகளுக்கும், மாடமாளிகைகள் எழும் நகரங்களுக்கும், சிங்கப்பூருக்கும் செல்லுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்ததென்றால் நாம் கேட்கும் முதற் கேள்வி, "மாதம் எவ்வளவு?" என்பதே. "அந்த ஊரில் அது எவ்வளவுக்குச் சமானம்?" என்னும் இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதில்லை. அதைக் கேட்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டாகவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

சம்பளத்தை விலைவாசியோடு சேர்த்து எண்ணுவது நமக்குப் புதிதன்று. 1918-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்தை நினைத்துப் பாருங்கள். முதல் ஐரோப்பிய யுத்தத்தினால் அரிசியும் துணியும் விலையேறிக் கிடந்தன. பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் கூலியோ அதற்கேற்ப ஏறவில்லை. திருவாளர் வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் அத்தொழிலாளர்களுக்குத் துணை நின்றனர். கூலியின் தொகை குறையாதிருந்தும் கூலி குறைந்துவிடக் கூடும் என்னும் உண்மையை அத்தொழிலாளிகள் தங்கள் அடுப்பங்கரையிலேயே கற்றுக்கொண்டார்கள்.

பின்னர் 1957-ல் புதுடில்லியில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அளவுகோல் வகுத்தது. சம்பாதிப்பவன் ஒருவனுடைய குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாகக் கொண்டு, ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நால்வருக்கு வருஷத்திற்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை தனியே, விறகு, விளக்கு முதலியவற்றிற்கு நூற்றுக்கு 20 பங்கு என்பது அவ்வளவுகோல். 1991-ல் சென்னைத் தொழிற்சாலையொன்றின் தொழிலாளர் தொடுத்த ரெப்டகாஸ் பிரெட் வழக்கில், சுப்ரீம் கோர்ட்டார் இதனோடு மேலும் 25 பங்கு சேர்த்தனர். பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமைக் காலம், கலியாணம் ஆகியவற்றிற்கு இடமில்லாத கூலி முழுக் கூலியன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே, உங்கள் மகனுக்கு ஒரு தொகை சொல்லப்பட்டால், இந்த இனங்களை ஒவ்வொன்றாக எழுதி எதிரில் வைத்துப் பாருங்கள்.

இனி, விலைவாசிக் குறியீட்டெண் என்பது யாது? தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலையை, இந்தியத் தொழிலாளர் செயலகம் நாடெங்கும் பல நடுநிலையங்களில் திரட்டுகிறது. 2016-ஐ 100 ஆகக் கொண்ட வரிசையில் உணவுக்கு 39.17 பங்கும், வீட்டிற்கு 16.87 பங்கும் அளிக்கப்பட்டன. இதில் ஒரு நுட்பம் உண்டு. சென்னையின் எண்ணும் மதுரையின் எண்ணும், அந்தந்த ஊரில் விலை 2016-லிருந்து எவ்வளவு ஏறிற்று என்பதை மாத்திரமே காட்டும். மதுரையின் எண் பெரிதாயிருந்தால் மதுரை சென்னையைவிடச் செலவு மிகுந்த ஊர் என்று பொருள் கொள்ளலாகாது. ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசத்தை அறிய, அங்குள்ள வாடகையையும் பள்ளிச் சம்பளத்தையும் நாமே விசாரித்தறிய வேண்டும்.

உதாரணத்திற்காக ஒரு கணக்குச் சொல்லுகிறேன்; தொகைகள் யான் வைத்துக்கொண்டவை. ஒருவன் சொந்த ஊரருகே ஆலையில் மேல்நிலைக் கிரேன் ஓட்டி 24,000 ரூபாய் பெறுகிறான். குடியிருப்பது தகப்பன் வீடு. உணவு 9,000, போக்குவரத்து 1,500, பள்ளி 3,000, இதரச் செலவு 3,500. ஆக 17,000 போக, மீதி 7,000. அவன் தம்பி சென்னையில் கோபுரக் கிரேன் ஓட்டி 34,000 பெறுகிறான். வாடகை 10,000, உணவு 11,000, போக்குவரத்து 2,500, பள்ளி 5,000, இதரம் 4,000. ஆக 32,500 போக, மீதி 1,500. ஊரார் தம்பியையே பாக்கியசாலி என்பர். பதினாயிரம் ரூபாய் அதிகம் பெறுகிறவன் கையில், அண்ணன் சேமிப்பதில் நாலிலொரு பங்குகூட மிஞ்சவில்லை. குடும்பத்தை ஊரிலேயே விட்டுத் தான் மாத்திரம் சென்றாலோ, அடுப்பு இரண்டாகிவிடும்.

வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா என்பதும் கவனிக்கற்பாலது. பெரிய துறைமுகங்களின் தொழிலாளர்க்கு விலைவாசியைத் தொடர்ந்து மாறும் பஞ்சப்படி உண்டு. அவர்களுக்கே 2022 ஜனவரி முதல் வரவேண்டிய சம்பள உயர்வைப் பற்றிய உடன்பாடு, வேலைநிறுத்தம் வாயிலில் வந்து நின்றபின், 2024 ஆகஸ்டில்தான் உண்டாயிற்று. சங்கமும் பஞ்சப்படியும் உள்ளவர்க்கே இவ்வளவு தாமதமானால், ஒப்பந்தக்காரரிடம் ஒரே தொகை பேசி வேலை செய்கிறவன் நிலை யாதாகும்? அரிசிக் கடைக்காரர் உடன்பாட்டுக்காகக் காத்திருப்பதில்லை. ஆதலின் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2019-ம் வருஷத்துச் சம்பளச் சட்டத் தொகுப்பின்படி, விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்டால், மிகுதி சம்பளமாகவே எண்ணப்படும்.

சிங்கப்பூர் செல்லுவோரும் கணக்குப் பார்க்கவேண்டும். அங்கே கிரேன் ஓட்டுகிறவன் மனிதவள அமைச்சில் பதிவு பெற்றவனாயிருத்தல் வேண்டும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவனுக்குத் தகுந்த உறைவிடம் ஏற்படுத்துவது முதலாளியின் கடமை. ஆகவே அங்கே சம்பாதித்து இங்கே செலவிடுகிறவனுக்கு உண்மையில் லாபம் உண்டு. ஆயின் அந்த லாபத்தை முன்கூட்டியே விழுங்குவது தரகுக் கடன். அந்நாட்டு முகவர் தொழிலாளியிடம், ஒப்பந்த வருஷம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளமும், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளமுமே வாங்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். இங்குள்ள தரகருக்கு நிலத்தை அடகு வைத்துக் கொடுப்பதையும், அதன் வட்டியையும் சேர்த்தால்தான் சம்பளத்தின் உண்மை விளங்கும்.

இறுதியாக, இதுவரை கூறியவற்றுள் எல்லாம் முக்கியமானதொன்றைச் சொல்லுகிறேன். சம்பளம் செலவுக்குப் போதாதபோது கிரேன் ஓட்டுகிறவன் என்ன செய்கிறான்? மிகை நேர வேலையை நாடுகிறான். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே மிகை நேரத்திற்கு இரட்டிப்புக் கூலி விதித்தது. சிங்கப்பூரில் அது ஒன்றரை மடங்கு. மாதத்திற்கு 72 மணி நேரம் என்னும் வரம்பும் அங்கே உண்டு. கூலி கிடைக்கிறதென்று மகிழ்கிறோம். அந்தக் கூலிக்கு விலையாகக் கொடுக்கப்படுவது அவனுடைய உறக்கம். கிரேனின் கை நீள நீள, அது தூக்கக்கூடிய பாரம் குறைகிறது. காற்றின் வேகத்தையும், கீழே நிற்பவன் காட்டும் சைகையையும், பாரத்தின் ஆட்டத்தையும் ஒருங்கே கவனிக்கவேண்டிய தொழில் அது. பன்னிரண்டு மணி நேரம் விழித்தவன் ஒரு கணம் கண்ணயர்ந்தால், கீழே நிற்கும் ஏழைத் தொழிலாளர் உயிருக்கு யார் உத்தரவாதம்? அவர்கள் எந்த ஜாதியாராயினும், அவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. ஆகையால், எட்டு மணி நேர வேலையில் குடும்பம் பிழைக்கப் போதாத சம்பளம் ஒருவனுடைய சொந்தக் கஷ்டம் மாத்திரமன்று. பலருடைய உயிருக்கு அபாயமுமாம்.

நம் சங்கம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, வெளியூரில் வேலை செய்யும் நம்மவர் தத்தம் சம்பளம், வாடகை, உணவுச் செலவு ஆகியவற்றைப் பெயர் குறியாமல் எழுதும் ஒரு புத்தகம் சங்கக் கட்டிடத்தில் வைக்கப்பட வேண்டும். புதிதாகச் செல்லும் பிள்ளை அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். இரண்டாவது, பயிற்சிக்கும் பிரயாணத்திற்கும் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தால், தரகர் வீட்டுவாசலில் நிற்கும் அவசியம் குறையும். மூன்றாவது, தொழிலிடத்தில் நம் இளைஞர் நம்மவர் என்று தனித்து நில்லாமல், எல்லாருடனும் தொழிற்சங்கத்தில் சேரவேண்டும். சம்பளப் பேச்சில் ஜாதிச் சங்கத்தால் ஆகக்கூடியது சிறிது. தொழிற்சங்கத்தால் ஆகக்கூடியது பெரிது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளைகளின் உழைப்பை அனுப்பும்போதும் அளந்தே அனுப்புவோமாக.