சான்றிதழ் இரவற்பொருள் அன்று!



பல்கலைக்கழகம் என்றவுடன் துணைவேந்தரும் பேராசிரியரும் நினைவில் எழுவர். உழவர் மகனுக்கும் நெசவாளர் மகளுக்குமோ, பல்கலைக்கழகம் என்பது பணம் கட்டும் முகப்பும் படிவம் வாங்கும் பலகணியுமே. அங்கு அமர்ந்திருப்பவர் தலைநிமிர்ந்து விடை சொன்னால் கல்வி வாழும். “நாளை வா” என்றால் மூன்றாண்டுப் படிப்பும் முடங்கிப்போம்.

இது மிகையுரை அன்று. தமிழ்வழிப் பயின்றார்க்குத் தமிழ்நாட்டரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பெற்றது. பள்ளிக் கல்வி தொட்டே தமிழ்வழியிற் பயின்றிருத்தல் வேண்டும் என 2020-இல் அது திருத்தப்பெற்றது. நல்ல திருத்தமே. ஆனால், வேலை தேடும் இளைஞர் பள்ளியில் ஒன்று, கல்லூரியில் ஒன்று எனத் தமிழ்வழிச் சான்றிதழ்களைத் தேடித் தொகுத்தாக வேண்டும். குறித்த நாளுக்குள் அது கைக்கு வாராதாயின், சட்டம் தந்த இடத்தை அலுவலகச் சோம்பல் பறித்துக்கொள்ளும். தாய்மொழியிற் பயின்றேன் என்று நிறுவுதற்கே தமிழ்மண்ணில் காத்துக்கிடப்பதினும் இழிவு வேறுண்டோ?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் அயலார் ஆட்சியில் தோன்றியது. கொடுப்பவர் ஆண்டை, கேட்பவர் இரவலர் என்பது அவ்வாட்சியின் அலுவலக வழக்கம். ஆண்டவர் போயினர், 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் வந்தது. அவ் வழக்கமோ போகவில்லை. தமிழில் தேர்வெழுதியவர் தம் சான்றிதழுக்கு ஆங்கிலப் படிவம் நிரப்பும் நிலை இன்னும் பலவிடத்து உண்டு.

முகப்பில் இருப்பவரை மட்டும் பழித்துப் பயனில்லை. அவரும் உழைப்பாளியே. ஓய்வுபெற்றோர் இடங்களை நிரப்பாது, மூவர் பணியை ஒருவர்மேற் சுமத்திவிட்டு, அவரிடம் இன்முகம் எதிர்பார்த்தல் அறமாகாது. பழுது அமைப்பில் உள்ளது.

தேர்வில் தேறியவர்க்கு 180 நாளுக்குள் பட்டம் வழங்கவேண்டும் என்று பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2008-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது. கெடு உண்டு, தவறினால் விடை சொல்ல வேண்டிய அலுவலர் யார் என்பது மாணவர்க்குத் தெரியாது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். கேட்ட செய்தியை 30 நாளுக்குள் தரவேண்டும். தக்க கரணியமின்றிக் காலந்தாழ்த்தும் அலுவலர்க்கு நாளொன்றுக்கு 250 உருபா, 25,000 உருபா வரை தண்டம். அத் தண்டம் நிறுவனத்தின்மேல் அன்று, அவ்வலுவலர்மேலேயே விழும். அதனாலேயே அச் சட்டத்திற்குப் பல்லுண்டு.

அப் பல் சான்றிதழ் முகப்பிற்கும் வேண்டும். எச் சான்றிதழுக்கு எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், யார் பொறுப்பு என்பன வாயிலிலேயே தமிழில் எழுதப்படுக! வேண்டுகை பெற்றதற்கு நாளிட்ட ஒப்புகைச் சீட்டுத் தருக! குறைகளை ஒவ்வொன்றாய்ச் சொல்லி ஒன்பது முறை அலைக்கழியாது, முதல் வரவிலேயே அனைத்தையும் எழுத்திற் கூறுக! மறுப்பின் கரணியம் எழுதி மறுக்க!

இவை சலுகை அல்ல. கட்டணம் செலுத்தி, உழைத்துப் பயின்று, தேர்வில் வென்றவரின் உடைமையே அச் சான்றிதழ். உடையவர் தம் பொருளைக் கைகட்டிக் கேட்க வேண்டா; தலைநிமிர்ந்து, தமிழில் கேட்கட்டும்!