விஞ்ஞானச் செய்தியை எழுதுவோர்



1980ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாள் பிற்பகல் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. எங்கள் களமருதூரில் அன்று தெருவில் நடமாட்டமே இல்லை. வீடுதோறும் கதவுகள் சாத்தப்பட்டன; கருவுற்ற பெண்கள் இருட்டறையில் அமர்த்தப்பட்டனர்; சமைத்த உணவு கொட்டப்பட்டது. பள்ளிப் படிப்பை முடித்திருந்த இளைஞனாகிய நானும் வெளியே தலை காட்டவில்லை.

முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை மீண்டும் ஒரு கிரகணம் வந்தது. கோயமுத்தூர், திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் வளையமாகத் தெரிந்த அச் சூரியன், எங்கள் பகுதியில் பெரும்பங்கு மறைந்து பிறைபோலத் தோன்றியது. அரையாண்டு விடுமுறையாயினும், பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் கூடிவிட்டனர். சிலர் கிரகணக் கண்ணாடி வைத்திருந்தனர். சிலர் அட்டைப் பெட்டியில் ஊசித் துளையிட்டுக் கொணர்ந்தனர். எண்பது வயதுப் பாட்டி ஒருவரும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, பெட்டிக்குள் விழுந்த சிறு பிறையைக் கண்டு வியந்தார்.

சூரியன் மாறவில்லை, சந்திரன் மாறவில்லை. மாறியது மக்கள் மனம். அம்மனத்தை மாற்றியவர் யாவர்? கிரகணத்தைக் கணித்த விஞ்ஞானி எங்கள் ஊருக்கு வந்ததில்லை. அவர் கணித்ததை எளிய தமிழாக்கிப் பத்திரிகைக்கும் வானொலிக்கும் பள்ளிக்கும் கொண்டு சேர்த்தவர் வேறு சிலர். அவர்களைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகின்றேன்.

பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் செய்தித் தொடர்புப் பிரிவு என ஒன்று உண்டு. அங்கே பணியாற்றுவோரின் வேலை யாது? விஞ்ஞானி தம் முடிவை அவர்களிடம் தருகிறார். அது பெரும்பாலும் சூத்திரங்களும் கலைச்சொற்களும் நிறைந்த கட்டுரையாக இருக்கும். அவர்கள் அதைப் படித்துவிட்டு அவரை வினவுகிறார்கள்: "என்ன கண்டீர்கள்? எவ்வாறு கண்டீர்கள்? எவ்வளவு உறுதியாகச் சொல்வீர்கள்?" பின்னர் யாவர்க்கும் விளங்கும் நடையில் எழுதி, பிழை நேராதிருக்க விஞ்ஞானியிடமே திரும்பக் காட்டி, அதன் பின்னரே வெளியிடுகிறார்கள்.

இப் பணிக்கு வருவோர் ஒரே வழியில் வருவதில்லை. செய்தித்தாள்களுக்கு விஞ்ஞானச் செய்தி வழங்குவதற்கென்றே 1921இல் அமெரிக்காவில் 'சயன்ஸ் சர்வீஸ்' என்னும் நிறுவனம் தோன்றியது. அதன் முதல் தலைவர் எட்வின் ஸ்லாசன் ரசாயனப் பேராசிரியராக இருந்து பத்திரிகையாளரானவர். ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தின் செய்தித் தொடர்பைப் பல ஆண்டுகள் நடத்திய ஜேம்ஸ் கில்லிஸ், துகள் பௌதிகத்தில் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். லண்டனில் 2002இல் தொடங்கப்பெற்ற விஞ்ஞானச் செய்தி மையத்தை நிறுவி நடத்திய ஃபியோனா ஃபாக்ஸோ பத்திரிகைக் கல்வி கற்றவர். ஒருவர் ஆராய்ச்சிச்சாலையிலிருந்து மொழிக்கு வந்தார். மற்றொருவர் மொழியிலிருந்து ஆராய்ச்சிச்சாலைக்கு வந்தார்.

வழி எதுவாயினும், அனைவர்க்கும் வேண்டும் குணம் ஒன்றே. அது மிகையாகச் சொல்லாமை. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு செய்தி உலகை உலுக்கியது. ஜெனீவாவிலிருந்து இத்தாலிக்கு, ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தொலைவு நிலத்தினூடே சென்ற நியூட்ரினோ துகள்கள், ஒளியையும் விஞ்சி விரைந்தனவாக ஓர் ஆராய்ச்சிக் குழு அளந்திருந்தது. ஐன்ஸ்டைன் வீழ்ந்தார் என்று எழுதியிருந்தால் பத்திரிகைகள் இன்னும் அதிகமாக விற்றிருக்கும். ஆயினும் சேர்ன் வெளியிட்ட அறிக்கை, பிறர் தனியே அளந்து உறுதி செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியது. மறு ஆண்டே உண்மை வெளிப்பட்டது: கருவியில் ஓர் ஒளியிழை வடம் சரியாகப் பொருத்தப்படவில்லை! அந்த ஒரு வாக்கியத்தை முன்னரே எழுதி வைத்ததனால் அன்றோ விஞ்ஞானத்தின் மானம் காக்கப்பட்டது?

வெளிநாட்டுக் கதை எதற்கு என்று எண்ணாதீர்கள். நம் சென்னை வானிலை மையத்தில் பணியாற்றி 2016இல் ஓய்வு பெற்ற திரு. எஸ். ஆர். ரமணன் அவர்களின் குரலை உங்கள் பெற்றோர் நன்கு அறிவர். அவர் வானிலை விஞ்ஞானி. அதே வேளையில் தாமே செய்தியாளருமாக விளங்கினார். மழை பெய்யும் என்று அவர் அடித்துச் சொல்வதில்லை. பெய்ய வாய்ப்பு உண்டு என்பார். 'வாய்ப்பு' என்னும் அச் சொல்லைச் சிலர் நகையாடினர். ஆனால் அறுத்த நெல்லைக் களத்தில் பரப்பிய உழவனுக்கு வேண்டுவது பொய்யான உறுதியன்று. எவ்வளவு நம்பலாம் என்பதே. அதைக் கேட்டு அவன் நெல்லை மூடுவான்.

தமிழில் இப் பணிக்கென அலுவலகம் இல்லாத காலத்திலேயே தனி மனிதர் பலர் இதனைத் தோளில் சுமந்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தாம் தமிழ் கற்று, மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். பெ. நா. அப்புசாமி வழக்கறிஞர், 1917 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதினார். பெரியசாமித் தூரன் கணிதம் பயின்ற பள்ளி ஆசிரியர்; தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை அவரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தன. நெல்லை சு. முத்து விண்வெளி ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்துகொண்டே தமிழில் எழுதினார். மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், விண்வெளி விஞ்ஞானி என நால்வர்க்கும் தொழில் வேறு, தொண்டு ஒன்று.

இங்கே என் தவறு ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். பௌதிகத்திலும் தமிழிலும் அவளே வகுப்பில் முதல்வி. "ஐயா, எனக்கு இரண்டும் பிடிக்கிறது. எதை விடுவது?" என்று கேட்டாள். நான் சிறிதும் தயங்காமல், "தமிழை விட்டுவிடு அம்மா, அது சோறு போடாது" என்றேன். அவள் தலையசைத்துச் சென்றாள். இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். கண்டபோதெல்லாம் அன்போடு வணங்குகிறாள். ஆனால் எழுதுவதை அன்றே நிறுத்திவிட்டாள். இரண்டையும் வைத்துக்கொள்வதற்கு ஒரு தொழில் உண்டென்று ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கே அன்று தெரியவில்லை. அந்த விடையை இன்று திருத்திக்கொள்ளவே இப் பேச்சுக்கு இசைந்தேன்.

மாணவச் செல்வங்களே, விஞ்ஞானமும் மொழியும் உங்களுக்கு ஒருங்கே பிடித்திருந்தால் எதையும் விடாதீர்கள். இன்றே தொடங்கலாம். பாடநூலில் ஒரு பக்கத்தைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அதை உங்கள் பாட்டிக்கு விளங்குமாறு பத்து வரியில் எழுதுங்கள். எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். பின்பு விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுங்கள். பாட்டிக்குப் புரியாத சொல்லை மாற்றுங்கள். ஆசிரியர் தவறென்ற செய்தியைத் திருத்துங்கள். இருவரும் சரியென்று சொல்லும் நாளில் நீங்கள் இத் தொழிலின் முதற்படியில் நிற்பீர்கள்.

கல்வராயன் மலையில் சாமை விதைக்கும் தாய்க்கும், சமவெளியில் கரும்பு வெட்டும் தந்தைக்கும் விஞ்ஞானி சொல்வது சென்று சேர வேண்டும். அவர்களின் பேச்சை அறிந்தவர் நீங்கள். அவர்களுக்காக எழுதுவதற்கு உங்களைவிடத் தகுந்தவர் யார்?