கொட்டுக்கும் ஜாதியா?

(திருவொற்றியூர்ப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் "பாட்டும் பகுத்தறிவும்" என்பது பற்றிப் பேசுவோம் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். பாட்டைப் பற்றிப் பேச நமக்கென்ன யோக்கியதை என்று இங்குள்ளோரில் சிலர் நினைக்கலாம். அது நியாயந்தான். நமக்கு சரிகமபதநி தெரியாது. பள்ளிப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. பின்னால் படித்ததெல்லாம் கண்டெய்னர் யார்டில் இரவுக் காவல் இருந்தபோது விளக்கடியில் படித்ததுதான். ஆனால் காது இருக்கிறது. கூட்டல் கழித்தல் கணக்கும் தெரியும். எந்தப் பாட்டில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதற்கு இவ்விரண்டும் போதும்.

சென்ற மாதம் காசிமேட்டில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். வயது அறுபத்துமூன்று. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. நாற்பது வருஷமாகச் சாவு வீடுகளில் விடிய விடியக் கானா பாடி வருகிறவர். அவரைச் சில இளைஞர்கள் பிரியமாகத்தான் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டரில் ஆயத்தமாய் வைத்திருந்த கொட்டுகளில் - அவர்கள் அதை 'பீட்' என்கிறார்கள் - பத்துப் பன்னிரண்டைப் போட்டுக்காட்டி, ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார்களாம். "நம்ம சட்டிக்காரனக் கூட்டியாரட்டா?" என்று இவர் கேட்டதற்கு, "அது பழசு தாத்தா, மைக்கில் இரைச்சலா விழும்" என்று பதில் வந்ததாம். இவரும் எதையோ ஒன்றைக் காட்டிவிட்டுப் பாடினார். பாட்டு வெளிவந்தது. கேட்டவர்கள் எழுதிய அபிப்பிராயம் என்னவென்றால், "பெருசுக்குப் பாட வருகிறது, ஆனால் பீட் பொறுக்கத் தெரியவில்லை" என்பதாகும். இதை அவரே சொல்லிச் சிரித்தார். "பொறுக்கிக்கோன்னாங்க தம்பி. அதுல நம்ம கொட்டு ஒண்ணுகூட இல்ல. சரக்கே இல்லாத கடையில இன்னாத்தப் பொறுக்கறது?" என்றார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

தோழர்களே! இது நம் ஊர்க் கிழவருக்கு மாத்திரம் நேர்ந்த சங்கதி அல்ல. அமெரிக்காவில் கறுப்பு மக்கள் தாளத்தின்மேல் வேகமாய்ப் பேச்சை அடுக்கிப் பாடுகிற 'ராப்' என்பதை நம் பிள்ளைகள் எல்லோரும் கேட்கிறார்கள். அதில் நாஸ் என்று ஒருவர். 1994இல் இருபது வயதில் முதல் ஆல்பத்தைப் போட்டுப் பெயர் வாங்கியவர். அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக அவரைப் பற்றி ரசிகர்கள் பேசியதெல்லாம் இதேதான். "எழுத்து நல்ல எழுத்து, பீட் பொறுக்கத் தெரியாத காது" என்றார்கள். பிறகு ஹிட்-பாய் என்ற, தம்பி வயதுள்ள ஒரு கறுப்பு இசையமைப்பாளரோடு கூட உட்கார்ந்து 2020இல் ஓர் ஆல்பம் செய்தார். அதற்கு 2021இல் கிராமி பரிசு கிடைத்தது. நாற்பத்தேழு வயதில் அவருக்குப் புதுக்காது முளைத்துவிட்டதா? கூட உட்கார்ந்த ஆள் மாறினார், அவ்வளவுதான்.

அந்த ராப் எதிலிருந்து பிறந்தது என்று பார்த்தால், கொட்டிலிருந்துதான் பிறந்தது. 1973 ஆகஸ்டு 11ந் தேதி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பில் விருந்து நடந்தது. அதில் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்பவர் இரண்டு இசைத்தட்டுப் பெட்டிகளை வைத்துக்கொண்டு, பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற இடத்தைப் பிடித்துப் பிடித்து ஓட்டினார். ஜனங்கள் ஆடினார்கள். ஆகவே பாட்டில் எது தள்ளுபடியாய்க் கிடந்ததோ அதுவே மூலதனமாயிற்று.

சரி, அந்த டிரம்ஸை அடித்தவனுக்கு என்ன கிடைத்தது? கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்பவர் 1969இல் ஜேம்ஸ் பிரவுன் குழுவுக்காக அடித்த சில வினாடிக் கொட்டை ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பாட்டை ஆக்கியவர் என்று அவர் பெயர் பதிவாகாததால் அதற்குரிய ராயல்டி அவருக்குச் சேரவில்லை. 2017இல் இறந்துபோனார். அதே 1969இல் கிரெகரி கோல்மன் என்பவர் அடித்த ஆறேழு வினாடிக் கொட்டு உலகமெங்கும் ஓடிற்று. அவர் வீடு வாசலற்று 2006இல் இறந்ததாக அவருடைய குழுத்தலைவரே சொன்னார். காரணம் என்னவென்றால், சொல் எழுதினவனும் மெட்டுப் போட்டவனும் சொந்தக்காரர்கள். கொட்டினவன் அன்றாடக் கூலிக்காரன் என்பதுதான்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜேம்ஸ் பிரவுனும் கறுப்பர்தான். ஆகவே எல்லாவற்றுக்கும் வெள்ளையனே காரணம் என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. 1984இல் கல்லூரி விடுதி அறையில் ரிக் ரூபின் என்ற வெள்ளை மாணவர் தொடங்கிய கம்பெனியில் ரஸ்ஸல் சிம்மன்ஸ் என்ற கறுப்பர் கூட்டாளி. அங்கிருந்து நல்ல பாட்டுகளே வந்தன. இன்ன தோலில் பிறந்தவன்தான் இன்ன தாளம் போடலாம் என்று நாம் சொல்வோமானால், மனுதர்மத்தைத் திண்ணையிலிருந்து விரட்டிவிட்டுக் கொல்லைப்புறமாய்க் கூப்பிட்டுக்கொண்டவர்கள் ஆவோம். நாம் கேட்பது பிறப்பை அல்ல. பெட்டிச் சாவி யாரிடம் என்பதைத்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே தோலின் நிறத்தைப் பார்ப்பதில்லை. தோலைப் பதம் செய்கிறவனைப் பார்க்கிறார்கள். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் எல்லாம் வேண்டும். பசு கோமாதா ஆயிற்றே, அதன் தோல் இல்லாமல் வாசித்துப் பாருங்கள் என்றால் நாதம் வராது என்பார்கள். அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்புக் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் பெயர் தெரியாத சபா கிடையாது. அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இதையெல்லாம் 2020இல் டி.எம். கிருஷ்ணா புத்தகமாக எழுதினார். அதன் வெளியீட்டுக்கு இடம் கொடுப்பதாயிருந்த கலாக்ஷேத்திரம் பிறகு அனுமதியை ரத்து செய்துவிட்டது. அதே கிருஷ்ணா 2017இல் நம் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து, புறம்போக்கைப் பற்றிச் சென்னைத் தமிழிலேயே ராகம் வைத்துப் பாடினார். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் கச்சேரி வித்துவான் எண்ணூருக்கு வந்தால் அது கலையாகிறது. எண்ணூர்ச் சட்டி சபாவுக்குப் போனால் மாத்திரம் அது இரைச்சலாகிறது. இதென்ன நியாயம்?

பறையும் அதே தோல்தான். 'பறையை உடைத்தெறியுங்கள், அது அடிமைச் சின்னம்' என்று இருபது வருஷத்துக்கு முன் நாமே மேடை மேடையாய்ப் பேசியிருக்கிறோம். சாவுக்கு அடித்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அடிக்காதே என்பதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் கட்டாயத்தை உடைக்கச் சொல்வதற்குப் பதில் கருவியை உடைக்கச் சொன்னோம். அது நம்முடைய புத்திக்குறைவு. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அது நமக்கு நன்றாக உறைத்தது.

2018 ஜனவரி 6ந் தேதி கீழ்ப்பாக்கத்தில், அயோத்திதாசர் சொன்ன ஜாதிபேதமற்றவர் என்ற பெயரை எடுத்துக்கொண்டு, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பத்தொன்பது பேர் மேடை ஏறினார்கள். கானாவும் ராப்பும் சட்டியும் பறையும் கிதாரும் ஒரே வரிசையில் நின்றன. ராயபுரத்துப் பெண் இசைவாணி அதில் கானா பாடினார். ஆண்கள்தான் பாடவேண்டும் என்றிருந்த பாட்டு அது. ஆனால் மேடை ஏறினால் மாத்திரம் கணக்குத் தீர்ந்துவிடுமா? 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடிற்று. அதை எழுதி, தீயுடன் பாடிய அறிவின் படம் அந்த ஆகஸ்டில் ஒரு சங்கீதப் பத்திரிகையின் அட்டையில் இல்லை; பா. ரஞ்சித் போன்றோர் கேட்ட பிறகே போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. யார்மேல் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே தமக்கும் ஒரு காசு வரவில்லை என்று சொன்னார். பாடினவருக்கும் குறை, இசையமைத்தவருக்கும் குறை என்றால், சாவி வேறு எங்கேயோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஸ்டூடியோ வைத்திருக்கும் இளைஞர்களே! உங்கள்மேல் நமக்குக் கோபமில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் வியாபார உபயோகத்தில் ராயல்டி உண்டென்று எழுதிவைத்தார்கள். ஆகவே கையெழுத்து வாங்குமுன் தாளைப் பெரியவருக்குத் தமிழில் படித்துக்காட்டுங்கள். சட்டிக்காரர் பெயரையும் பாட்டோடு போடுங்கள். இரைச்சலாய் விழுகிறதென்றால் மைக்கை மாற்றுங்கள், ஆளை மாற்றாதீர்கள்.

உங்களுக்குச் சொல்லும்போது நம் யோக்கியதையையும் சொல்லவேண்டாமா? இக்கூட்டத்து நோட்டீசை எடுத்துப் பாருங்கள். பேசுகிறவர் பதினொரு பேருடைய பெயரும் பட்டத்தோடு இருக்கிறது. தேரடியிலிருந்து வெயிலில் கொட்டிக்கொண்டு வந்த நால்வருக்கு 'மேளதாளத்துடன்' என்ற ஒரே வார்த்தைதான். அச்சகத்தில் புரூப் பார்த்தது நாம். மூன்று எழுத்துப்பிழை திருத்தினோம். இது கண்ணில் படவில்லை. ஊர்வலம் முடிந்ததும் அவர்கள் மேடைக்குக் கீழே அந்த வண்டி ஓரமாய் நிற்கிறார்கள். அவர்களைப் 'போகலாம்' என்று சொன்னவர்களும் நம் தோழர்களே.

நாம் முதலில் சொன்ன காசிமேட்டுப் பெரியவர் வந்திருக்கிறார். இப்போது பாடுவார், தாம் விரும்பிய கொட்டுக்கு, தம் சட்டிக்காரரோடு பாடுவார். தலைவர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். முன்வரிசைப் பேச்சாளர்கள் தயவுசெய்து பின்னால் தள்ளி உட்காருங்கள். ஆறு நாற்காலி வேண்டும். அண்ணே, நீங்கள் நால்வரும் மேலே வாருங்கள். பெயரைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். தம்பி, அந்த மைக்கைச் சட்டிப் பக்கம் திருப்பு.