துறவியர் கட்டிய கோட்டை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோட்டை என்றால் அரசர் கட்டுவது, மடம் என்றால் துறவியர் வாழ்வது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இவ்விரண்டும் ஒன்றாய் அமைந்த இடம் ஒன்று போலந்து நாட்டில் இருக்கிறது. நோகட் ஆற்றங்கரையில் செங்கல்லால் எழுந்த மால்போர்க் கோட்டையே அது.

அதைக் கட்டியோர் டியூட்டானிக் துறவியர் என்னும் ஜெர்மானியர். 1190இல், ஆக்கர் நகர முற்றுகையின்போது, நோயாளிகளைப் பேணும் மருத்துவச் சாலையாகத் தோன்றிய அவர்களது அமைப்பு, 1198இல் போர் அமைப்பாக மாறிற்று. வறுமை, பிரமசரியம், கீழ்ப்படிதல் என்னும் மூன்று விரதங்களையும் பூண்டவர்கள், வாளேந்திப் பிரஷ்ய நாட்டை வென்று ஆண்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய கோட்டை, 1309இல் அவர்களுடைய தலைமையிடமாயிற்று. உள்ளே வழிபாட்டுக் கூடமும் உணவுக் கூடமும். வெளியே மதிலும் அகழியும். செபமும் காவலும் ஒருங்கே நடைபெற்றன.

1410இல் கிருன்வால்டுப் போரில் அவர்கள் பெருந்தோல்வி கண்டார்கள். வென்ற போலந்துப் படை கோட்டையைச் சூழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் முற்றுகையிட்டும் பிடிக்க இயலாமல் திரும்பிற்று.

படையால் வீழாத கோட்டை பின்னர் எவ்வாறு கைமாறிற்று? சம்பளப் பட்டியல் எழுதியே காலம் கழிக்கும் நம்மைப் போன்றோர் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி இது. 1454இல் அவர்களுடைய குடிகளே அவர்களை எதிர்த்து எழ, மீண்டும் போர் மூண்டது. துறவியர் கூலிப்படையை அமர்த்தினார்கள். கூலி கொடுக்கப் பொருள் இல்லை. கோட்டையையே ஈடாக எழுதிக் கொடுத்தார்கள். பாக்கியோ தீரவில்லை. 1457இல், காவல் நின்ற அந்தக் கூலிப்படையினரே அதைப் போலந்து மன்னருக்கு விற்றுவிட்டார்கள்! மதிலை இடிக்கும் வேலையே மன்னருக்கு நேரவில்லை.

1945இல், உலகப்போரில் பாதிக்குமேல் இடிந்த அக்கோட்டை, பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டு, 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. செங்கல்லை மீண்டும் அடுக்கலாம். காப்பவரின் மனம் விலகினால் அதை மீட்பது அரிது. வள்ளுவரும் நல்ல வீரரை உடையதே அரண் என்றார்.

அன்பர்களே! நமது சங்கத்திற்குச் சொந்தக் கட்டடம் எழுப்ப நிதி திரட்டுகிறோம், மகிழ்ச்சி. அந்த ஆர்வத்தில் பாதியேனும், மாலை வகுப்பில் நம் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரின் ஊதியத்தை மாதந்தோறும் தவறாமல் அளிப்பதிலும் காட்டுவோமாக. நம் மொழிக்கு இந்த ஊரில் அவரே அரண்.