நிழலைக் காத்த நண்பர்



பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனை நேரிற் காணாமலே நட்புக் கொண்டார். சோழன் வடக்கிருந்தபோது தாமும் வந்து அருகிருந்து உயிர் துறந்தார். நட்பின் இலக்கணம் கூறுவோர் இன்றும் அவர்களையே எடுத்துக்காட்டுவர். ஆயினும், நண்பர் மறைந்த பின்னர் உயிரோடிருந்து அவரைக் காப்பதும் நட்பின் கடமையேயாகும். அக்கடமையை ஏறத்தாழ 28 ஆண்டுகள் ஆற்றிச் சென்ற முதியவர் ஒருவரை இன்று நினைவுகூர்வோம்.

அவர் பெயர் நேமாய் கோஷ். 1934ஆம் ஆண்டு பிறந்தவர். கல்கத்தாவில் உத்பல் தத்தின் நாடகக் குழுவிலே நடித்தவர். புகைப்படக் கலையை முறையாகப் பயின்றவரல்லர். வாடகைக் காரில் எவரோ மறந்துவிட்டுப் போன கமரா ஒன்று நண்பர் ஒருவரின் கைக்கு வந்ததாம். அந்த நண்பர் தமக்குத் தரவேண்டியிருந்த 240 ரூபாய்க் கடனுக்கு ஈடாக அதனைத் தாம் வாங்கிக்கொண்டதாக நேமாய் சொல்வதுண்டு.

1968ஆம் ஆண்டளவில், வங்காளத்தின் திரைப்பட மேதை சத்தியஜித் ராய், 'கூப்பி காயின் பாகா பாயின்' என்னும் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ராம்பூர்ஹாட் என்னும் ஊரில் நடந்த அப்படப்பிடிப்பைப் பார்க்கச் சென்ற நேமாய், அந்தக் கமராவினால் சில படங்களைப் பிடித்தார். பின்னர் அவற்றைக் கண்ட ராய், தமது கோணங்களையே இவர் எடுத்துக்கொண்டுவிட்டாரே என்று வியந்தாராம். அன்று தொடங்கிய தொடர்பு, ராயின் இறுதிப் படமாகிய 'ஆகந்துக்' 1991இல் வெளிவரும் வரை அறுபடவில்லை. தம்மினும் 13 வயது மூத்த ராயை, 'மாணிக்தா' என்று அண்ணன் முறை கொண்டாடி அழைத்தார் நேமாய்.

பளிச்சிடும் மின்விளக்கை நேமாய் விரும்பியதில்லை. சாளரத்தினூடே வரும் வெயிலும், படப்பிடிப்புக் கூடத்திலே ஏற்கெனவே எரியும் விளக்குமே அவருக்குப் போதுமாயிருந்தன. ஒளி குன்றிய இடத்திற் படம் பிடிப்பவர், கை நடுங்காது, மூச்சையும் அடக்கி, தக்க கணத்துக்காகக் காத்திருத்தல் வேண்டும். அவ்வாறு காத்திருந்தமையாலேதான், பிறர் காணாத ராயை அவர் கண்டார். நாற்காலியில் சாய்ந்து சித்திரம் வரையும் ராய், இசைக்குறிப்பு எழுதும் ராய், கமராவின் பின்னே நெடிய உடலை வளைத்து நிற்கும் ராய் என, தம்மை மறந்து தொழிலில் ஆழ்ந்திருந்த மனிதரை நாம் அப்படங்களிற் காண்கின்றோம். தன்னை ஒருவர் உற்று நோக்குகின்றார் என்னும் கூச்சம் அம்முகத்திலே இல்லை. இடையூறு செய்யாமல் உடனிருப்பதும் ஓர் அன்புதானே! ஜோன்சனின் வாழ்க்கையை எழுதிவைத்த பொஸ்வெல்லுக்கு ராய் இவரை ஒப்பிட்டதும் பொருத்தமே.

1992ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி ராய் காலமானார். நேமாய்க்கு அப்போது வயது 57. அதன் பின் நாடக மேடைகளையும், கல்கத்தாவின் வாழ்வையும், பழங்குடி மக்களையும் அவர் படம் பிடித்தார். எனினும், பழைய படச்சுருள்களே அவரது பெருஞ்செல்வமாக விளங்கின. நூல்களாகவும் கண்காட்சிகளாகவும் அவை உலகின் முன் வந்தன. ராயை நேரிற் காணாத தலைமுறையும் அவரை அறிய வழி பிறந்தது. 2010இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி, தமது 85ஆவது வயதில் நேமாய் கோஷ் கல்கத்தாவிற் காலமானார். கொரோனா நோய் காரணமாக இந்தியா முழுவதும் முடக்கப்பட்ட முதல் நாள் அது. இலங்கையிலும் ஊரடங்குச் சட்டம் நடைமுறையிலிருந்த காலம். நெருங்கியோர் இறந்தாலும் ஒன்றுகூடி அழுவதற்கு இயலாத அந்நாள்களில் ஒரு முகத்தின் அருமையைப் பலரும் உணர்ந்தனர். சுவரில் தொங்கும் படத்தின் முன்னே நின்று கண்ணீர் விட்டோர் எத்தனை பேர்!

அன்பர்களே, நம் வீடுகளிலும் முதியோர் இருக்கின்றனர். மணவறையிலும் விழாக்களிலும் அவர்களை நிறுத்திப் படம் எடுக்கின்றோம். நெல் புடைக்கையிலும், பத்திரிகை படிக்கையிலும், பேரப்பிள்ளைக்குத் தலை வாருகையிலும் அவர்களைப் பொறுமையோடு பார்த்தவர் எத்தனை பேர்? அவ்வாறு பார்க்கக் கற்றுக்கொள்வதே நேமாய் கோஷுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.