படிவம் சொல்லாத பதில்

கோவை அருணாசலம் முருகானந்தம் 1998-இல் மனைவிக்காகப் பஞ்சில் நாப்கின் செய்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அதனால் மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினும் கருத்துப் படிவமும் கொடுத்தார்.

ஒருநாள் போய்ப் பார்த்தால், இரண்டு மூன்று பேரே உட்கார்ந்து எல்லாருடைய படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்!

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஓர் ஆண் கேட்டால் பளிச்சென்று எப்படிச் சொல்வார்கள்? கடைசியில் நாப்கினைத் தானே சோதித்துப் பார்க்க, கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பி, இடுப்பில் கட்டி, அவரே நடந்தார், சைக்கிள் மிதித்தார். நாப்கினுக்கு வேண்டியது பஞ்சல்ல, மரக்கூழ் என்று தெரியவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

இன்று அவர் உருவாக்கிய நாப்கின் இயந்திரத்தில் மகளிர் குழுவினரே நாப்கின் செய்து, அக்கம்பக்கத்துப் பெண்களிடம் தாங்களே பேசி விற்கிறார்கள்.