எல்லைக்கல்லும் தோட்டாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

ஆண்டு விழா மேடையில் மொழியின் இனிமையைப் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருளோ துப்பாக்கி! "விழாப் பந்தலில் வெடிமருந்து வாடை எதற்கு?" என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், உடும்பஞ்சோலை மலைச்சரிவில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று வைத்துப் பிழைக்கும் நம் குடும்பங்களில், இதைப் பற்றிப் பேசாத வீடு ஒன்றேனும் உண்டோ?

நம் முன்னோர் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தை நம்பி மலையேறி வந்தவர்கள். ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டளவில்தான் நல்ல காய் காட்டும். அந்த மூன்றாண்டு உழைப்பை ஓர் இரவில் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது காட்டுப்பன்றிக் கூட்டம். தூரின் அடியில் புழுவைத் தேடி மண்ணைப் புரட்டுகிறது, மரவள்ளியையும் சேம்பையும் தோண்டித் தின்கிறது, வாழையைச் சாய்க்கிறது. காலையில் தோட்டத்துக்குப் போன இல்லத்தரசி தலையில் கைவைத்து அமர்ந்துவிடுகிறாள். இந்தத் துயரத்தை அறியாதவர் இங்கு எவருமில்லை.

நம் காலனியில் எல்லாரும் 'தாத்தா' என்றழைக்கும் பெரியவர் ஒருவரிடம், பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்ற பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் வகை. ஒரு முறை சுட்டபின் மறுமுறை கெட்டிப்பதற்குள் பன்றிகள் அடுத்த தோட்டத்தையும் முடித்துவிடும். ஆதலால் ரைபிள் வைத்துக்கொள்ளும்படி உரிமத்தை மாற்றித் தர வேண்டும் என்று அவர் விரும்பினார். மனு எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களே. "சொந்த நிலம், சொந்தப் பயிர், முறையான உரிமம். மறுப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதினோம். எங்கள் அறியாமையை இன்று இவ்வவையில் ஒப்புக்கொள்கிறோம்.

துப்பாக்கி உரிமம் என்பது என்ன? அது நான்கு கயிறுகளால் கட்டப்பட்ட ஓர் அனுமதி. எந்த ஆள், எந்த ஆயுதம், எந்த நோக்கம், எந்த எல்லை என்னும் நான்கும் அதில் அடங்கும். இவற்றுள் ஒன்றை மீறினாலும் உரிமம் காப்பாற்றாது. நம் நாட்டில் வெள்ளையர் 1878-ஆம் ஆண்டில் இயற்றிய ஆயுதச் சட்டம் இந்தியரைக் கட்டிப்போட்டு, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இச்சட்டம் உழவனை மறந்துவிடவில்லை. உண்மையான பயிர்க்காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டு மனுச்செய்யும் குடிமகனுக்கு, தடையான காரணம் வேறில்லையேல், உரிமம் வழங்கவே வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. அத்துப்பாக்கி போதாது என்று அதிகாரி நிறைவுற்றால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, வரியில்லாத வழுவழுப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் உரிமம் அளிக்கலாம் என்று அதே பிரிவு வழி திறக்கிறது. ரைபிளுக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்குத் தக்க காரணம் உண்டென்று தனியே மெய்ப்பித்தாக வேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு? ரைபிளின் குழலுக்குள் திருகு போன்ற வரிகள் உண்டு. அவை தோட்டாவைச் சுழலச் செய்து, நேராகவும் நெடுந்தொலைவும் செலுத்துகின்றன. வரியில்லாக் குழலிலிருந்து புறப்படும் ரவைகளோ சிதறிப் பரந்து விரைவில் வேகம் இழக்கும். ரைபிள்களிற் சிறியதாகிய .22 வகையின் தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் செல்ல வல்லது; .315 வகை அதனினும் தொலைவு செல்லும். இனி நம் நிலத்தை அளந்து பாருங்கள். இரண்டு ஏக்கரைச் சதுரமாக வகுத்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 300 அடி. ஒரு மைல் என்பதோ 5,280 அடி. நமக்கு எல்லைக்கல் தெரியும், தோட்டாவுக்குத் தெரியுமா?

இக்கேள்வியை நாங்களாக உணரவில்லை, உணர்த்தப்பட்டோம். மனுவின் மேல் நேரில் ஆய்வு செய்ய ஓர் அதிகாரி மாலைப்பொழுதில் வந்தார். நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். பன்றி கிளறிய தூர்களைக் கண்டு வருந்தினார். பிறகு, "பெரியவரே! பன்றி எங்கே நிற்கும்? நீங்கள் எங்கிருந்து சுடுவீர்கள்?" என்று கேட்டார். தாத்தா மேட்டில் நின்று சரிவைச் சுட்டிக் காட்டினார். "சரி, குறி தவறினால் தோட்டா எங்கே போய் நிற்கும்?" என்றார் அதிகாரி. தாத்தா கை நீட்டிய திசையிலேயே பார்த்தார். கீழே லயத்து வீடுகளில் விளக்கேற்றும் நேரம். அவருடைய பேத்தியும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் திண்ணையில் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கையைத் தாத்தா மெல்ல இறக்கிக்கொண்டார். அன்று அவர் வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் எங்களிடம் வந்து, "தம்பிகளா, அந்த மனுவைத் திருப்பி வாங்கிவிடுங்கள்" என்றார்.

அன்பர்களே! இங்கிலாந்து நாட்டிலும் இதுவே நெறி. அங்கே 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் ரைபிள் சான்றிதழ் கேட்போருக்கு, தொடக்கத்தில் காவல்துறை ஏற்றுக்கொண்ட நிலத்தில் மட்டுமே சுடலாம் என நிபந்தனை இடுவது வழக்கம். தோட்டாவைத் தாங்கி நிறுத்தும் மேடு பின்னால் உண்டா, பாதையும் வீடும் எவ்வளவு அருகில் உள்ளன என்று பார்ப்பார்கள். அனுபவம் முதிர்ந்தபின் நிபந்தனை தளர்த்தப்படலாம். பொறுப்பு மட்டும் தளர்வதில்லை. பரந்த புல்வெளிகள் கொண்ட நாட்டிலேயே இவ்வளவு கவனம் என்றால், வீட்டின் மேல் வீடாகச் சரிவில் வாழும் நமக்கு எவ்வளவு வேண்டும்!

தாத்தாவுக்குப் புதிய மனு எழுதினோம். ரைபிளைக் கேட்கவில்லை. பழைய துப்பாக்கி போதாமையை விளக்கி, வரியில்லாக் குழல் துப்பாக்கி ஒன்று கேட்டோம். நிலத்தின் சான்றையும் பயிர்ச்சேதத்தின் விவரத்தையும் இணைத்தோம். உரிமத்தின் நிபந்தனைகளை மனுவின் பேரில் மாற்றித் தரும் அதிகாரம் 17-ஆம் பிரிவில் உண்டு. மறுக்கப்பட்டால் 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு. ஆகவே மனம் தளர வேண்டா. காலம் சென்றது; ஆயினும் கிடைத்தது.

இன்னொரு செய்தி. துப்பாக்கி உரிமம் வேறு; விலங்கைச் சுடும் அனுமதி வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்தில் நிற்கும் பன்றியையும் நம் விருப்பப்படி சுட முடியாது. அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, காரணம் காட்டிய எழுத்து மூலமான ஆணை வேண்டும். 2022-ஆம் ஆண்டில் கேரள அரசு, இவ்வகை ஆணையிடும் பொறுப்பைப் பஞ்சாயத்துத் தலைவர் முதலிய உள்ளாட்சி அமைப்பினருக்கும் வழங்கியது. உரிமம் பெற்ற துப்பாக்கியாளரைக் கொண்டே சுட வேண்டும். நஞ்சும் வெடிப்பொருளும் மின்கம்பியும் கூடா. ஆணையின் காலம் நடப்பில் உள்ளதா என்பதைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும். யானையைப் பற்றிய பேச்சே வேண்டா. அது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற உயிர். பயிர்க்காவல் துப்பாக்கி அதற்கு விடையாகாது.

சட்ட வழி நீளம் என்று குறுக்கு வழி தேடியோர் செய்த கொடுமையைப் பாலக்காடு மாவட்டம் 2020-ஆம் ஆண்டு மே மாதம் கண்டது. வெடி பொதிந்த காயைக் கடித்துச் சூல்கொண்ட யானை ஒன்று வாய் சிதைந்து, ஆற்று நீரில் நின்றபடியே உயிர் நீத்தது. நாடே நாணித் தலைகுனிந்தது. மின்வேலியும் அவ்வாறே, பன்றிக்கென்று இட்ட கம்பி, விடியலில் காய் பறிக்கச் செல்லும் பெண்ணையும் அறியாது கொல்லும்.

இறுதியாக நம் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது: கம்பத்திலோ போடியிலோ வாழ்ந்த காலத்தில் பெற்ற உரிமத்தோடு இங்கு வந்தவர்கள், குடியிருப்பு மாறியதைப் பழைய, புதிய இரு மாவட்ட அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். உரிமத்தின் எல்லை தமிழ்நாட்டோடு நின்றுவிட்டதா என்பதையும் பாருங்கள். மலையேறுமுன் இருந்த காவற்பொருள், எல்லை தாண்டியதும் குற்றப்பொருளாகிவிடக் கூடாது.

இரண்டாவது: தந்தை மறைந்தால் உரிமம் மகனுக்குத் தானே வந்துசேராது. துக்கத்தின் நடுவிலும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துச் சீட்டு வாங்குங்கள்.

மூன்றாவது: உரிமத்தை இரவல் தர முடியாது. "மாமா, ஓர் இரவுக்கு மட்டும் கொடுங்கள்" என்று மருமகன் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். உரிம நிபந்தனையை மீறுவது மட்டுமே ஆறு மாதச் சிறைக்கோ, 2,000 ரூபாய் அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ இடம் தரும். உரிமமில்லாதவர் கையில் ஆயுதம் இருந்தால் தண்டனை அதனினும் கடுமை.

நான்காவது: தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால் தயங்காமல் ஒப்படையுங்கள். அந்நாட்களில் பயிரைக் காக்க, அண்டை வீட்டார் சேர்ந்து முறைவைத்துக் காவலிருப்பதே பழைய வழி. அதை மறக்க வேண்டா.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, வேற்றெழுத்தில் வரும் அரசுக் கடிதங்கள் அச்சம் தருவது இயல்பே. அச்சத்தால் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். இங்கே மலையாளம் படித்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தாத்தா இன்று இவ்வவையின் முதல் வரிசையில் பேத்தியோடு அமர்ந்திருக்கிறார். அவரைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தால் வெட்கப்படுவார், ஆதலால் விடுத்தோம். மேட்டில் நின்று கையை இறக்கிக்கொண்ட அந்த ஒரு கணத்தில் அவர் கற்பித்த பாடத்தை, எத்தனை சட்டப் புத்தகம் புரட்டினாலும் நாங்கள் கற்றிருக்க மாட்டோம்.

பயிரும் காப்போம், உயிரும் காப்போம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.